நாலு மணி டிக்

தப்புச் செய்துவிட்டால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கோபம் வரும், சிலர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். அவளுக்கு வேலை செய்யத் தோன்றும். ஏழு வயதில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்து உடைத்த அன்று, யாரும் சொல்லாமலே வீட்டுப் பாத்திரம் அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்து, ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, தம்பிக்குத் தலைகூட வாரிவிட்டாள். வேலை முடிந்து வந்த அம்மா வாசலிலேயே நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னடி உடைச்சே?"

அந்தக் குணம் பிறகு மாறவே இல்லை. கல்யாணமான இரண்டாம் மாதத்தில் கணவருக்கும் பிடிபட்டுவிட்டது. அவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர்; எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு நாள் அவருடைய ஷூ பளபளவென்று வாசலில் உட்கார்ந்திருந்தது. சட்டைகளில் விட்டுப்போன பொத்தான்கள் எல்லாம் இடத்துக்கு வந்திருந்தன.

"எங்க அக்காகிட்ட என்ன சொல்லித் தொலைச்சே?" என்றார்.

சொல்லித்தான் இருந்தாள்.

முப்பத்து நாலு வயதுவரை துணி தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். கம்பெனியை மூடினார்கள். நோயாளி பராமரிப்புப் பயிற்சிக்கு ஒரு வருஷம் போனாள், தேறினாள், முதியோர் இல்லம் ஒன்றில் சேர்ந்தாள். இரண்டாம் மாடி, பதினோரு படுக்கை, மதியம் இரண்டிலிருந்து இரவு எட்டு வரை. பதினெட்டு வருஷமாக அதே மாடி. படுத்திருக்கும் ஆளை எழுப்பாமல் அவருக்கடியில் விரிப்பை மாற்ற அவளுக்கு நாலு நிமிஷம் போதும். வாயை இறுக்கி மூடிக்கொள்கிறவரிடமும் மாத்திரையை உள்ளே அனுப்பிவிடுவாள். நடைபாதையில் அவள் தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டால் பார்வையாளர்கள் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார்கள். டாக்டர் உள்பட எல்லாரும் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இடது, மல்லாக்க, வலது, மறுபடி இடது. மாற்றாவிட்டால் எலும்பு மெத்தையோடு சேர்த்துத் தோலை நசுக்கும்; அந்த இடம் செத்துப் புண்ணாகும். மாற்றியதும் சார்ட்டில் அந்த மணிக்குரிய கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். இரண்டு, நாலு, ஆறு, எட்டு. மாடியில் இப்படி ஆறு பேர். ஆக அவள் நேரத்தில் இருபத்து நாலு டிக்.

பேனா ஒன்றே ஒன்றுதான். நடைபாதைக் கோடியில் நர்ஸ் மேஜையில் நூல் கட்டித் தொங்கும். சார்ட்டுகளும் அங்கேதான். ஒவ்வொருவரையும் திருப்பியபின் கையுறையைக் கழற்றி, கை கழுவி, கோடிவரை நடந்து, ஒரு டிக் போட்டுவிட்டுத் திரும்பி வருவதென்றால் நடந்தே ஆள் தேய்ந்துவிடும். அதனால் அந்த மாடியில் எல்லாரும் ஒரு காரியம் செய்வார்கள். வேலைக்கு வந்ததும் முதல் வேலையாக அன்றைய டிக் எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். சம்பவம் நடப்பதற்கு முன்பே சாட்சி சொல்லிவிடுவது. சொன்னபடி சம்பவத்தையும் பிறகு நடத்திவிடுவதால் யாருக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை. எக்ஸ்பிரஸும் பதினெட்டு வருஷம் அப்படித்தான் போட்டாள். போட்ட டிக்குக்குத் தவறாமல் ஆளைத் திருப்பவும் செய்தாள்.

ஐந்தாம் அறைக்கு ரெஃப்ரி வரும்வரை.

எழுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் கால்பந்து மைதானங்களில் விசில் ஊதியவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் மெதுவாக, ஆனால் தெளிவாக வரும். வலது கை மிச்சமிருந்ததால் உத்தியோகத்தையும் விடவில்லை. சூப்பில் உப்பில்லாவிட்டால் சமையல்காரரை நோக்கி விரல் நீளும். மாத்திரை தாமதமானால் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவார். டாக்டர் ஒருமுறை அறைக்குள் செல்போனில் பேசிக்கொண்டே வந்தபோது, கதவைப் பார்த்துக் கை நீட்டி மைதானத்தைவிட்டே வெளியேற்றிவிட்டார். டாக்டரும் போய்ப் பேசிவிட்டுத்தான் வந்தார்.

அந்த மாதம் டிவியில் ஒரு பெரிய போட்டித் தொடர் நடந்தது. ஞாயிறு தவிர தினமும் மூன்றரைக்கு ஆட்டம். டிவி இடது சுவரில் இருந்தது. இரண்டு மணிக்கு அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தால் வசதியாகப் பார்க்கலாம். நாலு மணிக்கு மாற்ற வேண்டும்.

"சார், பக்கம் மாத்தணும்."

"இப்பவா? பந்து எங்க இருக்குன்னு பாரு."

"பந்து எங்க இருந்தா எனக்கென்ன சார்? மணி நாலு."

"கோலுக்குப் பக்கத்துல நிக்குது. இந்த நேரத்துல என்னைத் திருப்பினா நீ மனுஷியே இல்ல."

"அப்ப எப்பத்தான் திருப்பறது?"

"ஹாஃப் டைம். பத்து நிமிஷம். என்ன அவசரம் உனக்கு, ரயிலைப் பிடிக்கணுமா? நீயே ரயிலு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்விட்டாள். ஹாஃப் டைம் வந்தபோது அவள் ஒன்பதாம் அறையில் இருந்தாள். அங்கிருந்த அம்மாள் ஒரு கோப்பை டீயை அரை மணி நேரம் குடிப்பவர். திரும்பி வந்தால் இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. ஆறு மணிக்குத்தான் திருப்பினாள். டிக் ஏற்கெனவே இருந்தது.

மறுநாளும் அப்படியே. பதினோரு நாள். தினம் நாலு மணி நேரம் ஒரே இடுப்பெலும்பின் மேல், அதுவும் உணர்ச்சி குறைந்த பக்கத்தில், ஓர் உயரமான மனிதர் முழுக் கனத்தோடு படுத்துக் கால்பந்து பார்த்தார்.

பதினோராம் நாள் ஆறு மணிக்குத் திருப்பியபோது இடுப்பில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவு. விரலால் அழுத்திப் பார்த்தாள். நல்ல தோல் என்றால் அழுத்தினதும் வெளுத்து, எடுத்ததும் சிவக்க வேண்டும். இது வெளுக்கவே இல்லை.

உடனே மாடிக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். அதை ஒளிக்கவில்லை. பெரிய சிஸ்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சார்ட்டைப் பார்த்தார்.

"திருப்பறதெல்லாம் சரியாத்தானே நடந்திருக்கு. வயசான தோல். காத்து மெத்தை போட்டுப் பார்ப்போம்."

எக்ஸ்பிரஸ் சார்ட்டைப் பார்த்தாள். பதினோரு நாலு மணிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகாக டிக் போட்டு நின்றன. காற்று மெத்தையை எடுத்துவரப் போனாள். மூன்றாம் நாள் தோல் பிரிந்து புண்ணாயிற்று.

மனசுக்குள் ஒரு வக்கீல் உண்டு. சம்பளம் கேட்காமல் வேலை பார்ப்பவர். அன்று இரவு பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அவர் ஆஜராகிவிட்டார். கேட்டது யார்? அந்த மனுஷன்தானே. இரண்டாவது, அந்தப் பழைய மெத்தை. மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொன்னோம்? மூன்றாவது, காலையில் வேலைக்கு வருகிறவள் மட்டும் ஒழுங்காகத் திருப்புகிறாள் என்று யார் கண்டது? அவள் குளிப்பாட்டும்போதே பார்த்திருக்க வேண்டாமா? வீடு வந்து சேர்வதற்குள் வழக்கு ஏறக்குறைய தள்ளுபடி. ஆனால் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது.

இதோடு நின்றிருந்தால் ஒரு சாதாரணக் கவனக்குறைவாகப் போயிருக்கும். நிற்கவில்லை.

ரெஃப்ரிக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் ஒன்றில் நூலகர். நாற்பது வயதுக்காரி; கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, காரில் வைத்து, ஊர்ப் பொது மைதானத்துக்குக் கூட்டிப்போவாள். அங்கே உள்ளூர் அணிகள் ஆடும். ரெஃப்ரி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, விசில் வைத்திருக்கும் ஆளை மூன்று மணி நேரம் திட்டுவார். திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும், முகம் பத்து வயது குறைந்திருக்கும். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் அதற்காகத்தான் சாப்பிட்டார்.

புண்ணைப் பார்த்த மகள் நடைபாதைக்கு வந்து, எக்ஸ்பிரஸின் தள்ளுவண்டியைப் பிடித்து நிறுத்தினாள். முகம் கழுவி வந்திருந்தாலும் அழுதது தெரிந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அப்பாவ ரொம்ப நேரம் சேர்ல உட்கார வச்சுட்டேன். அவர் இடது பக்கமா சாஞ்சுதான் உட்காருவார். சேரோட கம்பி சரியா இடுப்புல படுது. அதனாலதான் வந்திருக்குமோ?"

எக்ஸ்பிரஸுக்குத் தெரியும். கம்பி பட்டு வந்திருந்தால் கோடுபோல் நீண்டிருக்கும். இது எலும்பு முனைக்கு நேரே, வட்டமாக இருந்தது. படுத்துப் படுத்து வந்த வட்டம். "இல்லம்மா, சேரால வரல" என்று சொன்னால் அடுத்த கேள்வி "அப்ப எதனால?" என்றுதான் வரும்.

"இருக்கலாம்மா" என்றாள்.

சின்னச் சொல்தான். ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லையே என்று வக்கீல் குறித்துக்கொண்டார். மகள் தலையை ஆட்டினாள். வண்டியை விட்டாள். அப்பா அறைக்குப் போகாமல், படிக்கட்டுப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்புறம் எக்ஸ்பிரஸ் வேலை செய்த வேகத்தை அந்த இல்லம் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது ரெஃப்ரிக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று. முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. கட்டுப் பிரித்துக் கழுவிக் கட்ட நர்ஸ் வரும்போது பக்கத்திலேயே நின்றாள். முட்டையும் பாலும் கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்து ஊட்டினாள். தினமும் ஷேவ். ஆறாம் நாள் நகம் வெட்ட வந்தபோது ரெஃப்ரி கையை இழுத்துக்கொண்டார்.

"நேத்துத்தானே வெட்டினே? விரலையே வெட்டப்போறியா?"

வீட்டிலும் அதே கதை. அலமாரிக்கு மேலே, மின்விசிறி இறக்கைகளில், கதவிடுக்கில் எல்லாம் துணி நுழைந்தது. மூன்றாம் வாரம் கணவர் குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தரை வழுக்குது. வீட்டுக்குள்ள நடக்கவே பயமா இருக்கு. இந்தத் தடவை யாரைக் கொன்னே?"

"ஏங்க, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"மூணு வாரம் ஓடியிருக்கு. எங்க அக்கா விஷயத்துக்கெல்லாம் மூணு நாள்தான். பெருசா என்னமோ இருக்கு. சொல்லிடு."

சொன்னாள். நாலு மணி, ஹாஃப் டைம், டிக், எல்லாம். 'இருக்கலாம்' மட்டும் வாயில் வரவில்லை. கடைசியில் அதையும் சொன்னாள். அவர் மெஷினின் நூல் சுற்றும் பாபின் ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"புண்ணு ஆறிட்டு வருதா?"

"வருது."

"அப்புறமென்ன? விடு. மெஷின் ஓட ஆரம்பிச்சா எந்த ஸ்க்ரூ லூஸா இருந்ததுன்னு யாரும் கேக்கறதில்ல."

நல்ல மனுஷன், ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். அந்த ஆறுதல் ஒரு முழு நாள் தாங்கியது.

ஐந்தாம் வாரம் புண் ஆறிவிட்டது. புதுத் தோல், மெல்லிசாக, ரோஜா நிறத்தில் மூடியிருந்தது. டாக்டர் எக்ஸ்பிரஸின் முதுகில் தட்டினார். "பஞ்சு மெத்தை போட்டு ஒரு மணி நேரம் சேர்ல உட்காரலாம். வெளியவும் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். ரெஃப்ரி மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"வேண்டாம் டாக்டர். எனக்குத் தைரியம் இல்ல. மறுபடி ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. நான் ஞாயித்துக்கிழமை இங்கேயே வந்து அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

"ஒரு மணி நேரம்தான்" என்றார் ரெஃப்ரி.

"வேண்டாம்ப்பா."

அவளைத் திட்டிப் பார்த்தார். விரலை நீட்டிப் பார்த்தார். அவள் அழத் தொடங்கியதும் கையைக் கீழே போட்டுவிட்டார். அதன்பின் ஞாயிறு தோறும் அவள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பழம் நறுக்கிக் கொடுத்து, பேப்பர் படித்துக் காட்டிவிட்டுப் போனாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தட்டில் பாதி மிச்சமாக ஆரம்பித்தது. சூப்பில் உப்பில்லாதபோதும் விரல் எழவில்லை.

"சார், இன்னிக்கு மேட்ச் இருக்கே. டிவி போடட்டுமா?"

"யாரோ ஆடட்டும்" என்றார்.

எக்ஸ்பிரஸ் வேலையைக் கூட்டினாள். இந்தத் தடவை அது எங்கும் ஒட்டவில்லை. ஆறிய புண்ணுக்கு மேலும் என்ன செய்வது? முட்டையை வேண்டாமென்று வாயைத் திருப்பிக்கொள்கிறவருக்கு எத்தனை தலையணை வைத்தால் ஆகும்?

இதற்கு நடுவில் இல்லத்தார் அவளை மாதத்தின் சிறந்த பணியாளர் என்று தேர்ந்தெடுத்தார்கள். வாசல் பலகையில் அவள் படம் ஏறியது. பல் தெரியாமல், யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. படத்துக்குக் கீழே மகள் எழுதிய கடிதத்தையும் ஒட்டியிருந்தார்கள். 'என் தவறால் என் தந்தைக்கு வந்த புண்ணைத் தன் அக்கறையால் ஆற்றியவர்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. எக்ஸ்பிரஸ் இரண்டு நாள் அந்த வழியாகப் போனாள். மூன்றாம் நாளிலிருந்து சமையலறைப் பக்கக் கதவால் வந்தாள்.

நாலாம் நாள், வியாழன், ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பாதி முகத்தில் நிறுத்தினாள்.

"சார், அந்தப் புண்ணு..."

"தெரியும்" என்றார் ரெஃப்ரி.

"என்ன தெரியும்?"

"நாலு மணி நேரம் ஒரே சுவரைப் பார்த்தவனுக்குத் தெரியாதா? நான்தானே கேட்டேன். நீ கொடுத்தே. ரெண்டு பேருக்கும் மஞ்சள் அட்டை. ஆட்டம் நடக்கட்டும். இந்தக் கன்னத்தை முடி."

அடுத்த கன்னத்தை முடிப்பதற்குள் அவளுக்கு எவ்வளவு லேசாகிவிட்டது! பாதிப் பழியை அவரே எடுத்துக்கொண்டார். யார் கேட்டாலும் சொல்லலாம், நோயாளியே மன்னித்துவிட்டார் என்று. கிண்ணத்தை அலசிக் கவிழ்க்கும்போதுதான் கணக்கு உதைத்தது. தப்புச் செய்த இரண்டு பேரும் மஞ்சள் அட்டையோடு உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாத மூன்றாவது ஆள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே நிற்கிறாள்.

"உங்க பொண்ணு தன்னாலன்னு நினைச்சுட்டு இருக்காங்க சார்."

அவர் மழித்த கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"அதனாலதான் உங்களை வெளிய கூட்டிட்டுப் போகல."

"சொல்லாதே. உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. அந்தக் காலைக்காரி ஷேவ் பண்ணினா கழுத்தெல்லாம் ரத்தம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

ரெஃப்ரி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். எந்தச் சைகையும் அதிலிருந்து வரவில்லை. போர்வைக்கு மேல் வைத்துவிட்டார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மகள் வந்தாள். ரெஃப்ரி சுவர்ப் பக்கம் திரும்பி உறங்கிக்கொண்டிருந்தார், அல்லது உறங்குவதுபோல் இருந்தார். எக்ஸ்பிரஸ் மகளைத் துணி வைக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். மூன்று பக்கமும் வெள்ளை விரிப்புகள் அடுக்கிய, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை.

"அந்தப் புண்ணு சேரால வரலம்மா. என்னால வந்தது. நாலு மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். மேட்ச் பார்க்கறார்னு பதினோரு நாள் திருப்பல. சார்ட்ல திருப்பினதா டிக் போட்டிருக்கேன். நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருக்கலாம்னு சொன்னேன்."

மகளின் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. இப்போது உயர்ந்தது.

"ஏழு வாரம். ஏழு வாரமா நான் அந்தச் சேரை வீட்டுல துணி போட்டு மூடி வச்சிருக்கேன், கண்ணுல படக்கூடாதுன்னு. எங்கப்பா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. நீங்க தினம் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? உங்களுக்கு நான் நன்றி சொல்லி லெட்டர் எழுதினேனே!"

"நான் பெரிய பாவிம்மா" என்று எக்ஸ்பிரஸ் ஆரம்பித்தாள். "இந்த வேலைக்கே நான் லாயக்கில்ல. மனுஷ ஜென்மமே இல்ல நான். எனக்கெல்லாம்..."

"நிறுத்துங்க." மகள் கையைக் காட்டினாள், அப்பாவின் அதே கை. "இப்ப நான் உங்களைச் சமாதானப்படுத்தணுமா? 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா'ன்னு நான் சொல்லணுமா? என்னால முடியாது."

எக்ஸ்பிரஸ் வாயை மூடிக்கொண்டாள். அழுகை வந்த வழியே திரும்பிப் போயிற்று. அந்தப் பெண் சொன்னது சரி. நெஞ்சில் அடித்துக்கொண்டால் பார்ப்பவர்தான் ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

"சரிம்மா" என்றாள். "பெரிய சிஸ்டர் நர்ஸ் மேஜையில இருக்காங்க. நானே சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

"ரெண்டு பேரும் போவோம்."

பெரிய சிஸ்டர் முழுவதையும் கேட்டார். சார்ட்டுகளை மேஜையில் பரப்பினார். இருபத்து நாலு டிக், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. மகள் போனபின் எக்ஸ்பிரஸைப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ தினமும் இருக்கற கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது சிஸ்டர்."

"ஆறு மணி டிக்கை ரெண்டு மணிக்கே பார்த்திருக்கேன். பார்க்காத மாதிரி பார்த்திருக்கேன். என்னையும் சேர்த்துத்தான் எழுதணும்." பேனாவை எடுத்தார், நூல் குறுக்கே இழுத்தது. "முதல்ல இந்த நூலை அறுக்கணும்."

வேலை போகவில்லை. இரண்டு பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. எக்ஸ்பிரஸ் ஒரு மாதம் ஐந்தாம் அறைக்குள் போகக்கூடாது. பயிற்சி வகுப்பில் பத்து நாள், இருபது வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, பொம்மை நோயாளியைப் பக்கம் மாற்றிக் காட்ட வேண்டும். காட்டினாள். பொம்மை மிக ஒழுங்காக ஒத்துழைத்தது. வாசல் பலகையிலிருந்து படம் இறங்கியது. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் சார்ட்டும் பேனாவும் வந்தன. காலைக்காரி இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

"உன்னாலதான் இப்ப நாங்களும் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டியிருக்கு."

"ஆமாம், என்னாலதான்" என்றாள் எக்ஸ்பிரஸ். காலைக்காரிக்கு அதற்குமேல் சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை. நூலகரின் தோளிலிருந்து இவள் தோளுக்கு மாறியது, அவ்வளவுதான். ஆனால் இவளுடையதுதானே, சுமக்க முடிந்தது. வக்கீலும் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டார். சில நாள் வீட்டில் தூசி படிந்தது. கணவர் அலமாரி மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

மூன்றாம் ஞாயிறு மதியம் இரண்டரை. எக்ஸ்பிரஸ் ஏழாம் அறையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் மகள் நின்றாள். கையில் சக்கர நாற்காலி. புதிதாகப் பஞ்சு மெத்தை போட்டு, பக்கக் கம்பிக்கும் துணி சுற்றியிருந்தது.

"ஒரு நிமிஷம் வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"நான் அந்த ரூமுக்குள்ள வரக்கூடாதும்மா."

"பெரிய சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். வெளிய இருந்தே சொல்லிக் கொடுங்க. நானே பண்ணிக்கறேன்."

எக்ஸ்பிரஸ் ஐந்தாம் அறை வாசற்படியில் நின்றாள். உள்ளே ரெஃப்ரி சட்டை பொத்தான் போட்டு, தலை வாரி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கால் மணிக்கு ஒரு தடவை முன்னால சாய்க்கணும்மா. மார்பு முழங்கால்ல படற மாதிரி. ரெண்டு நிமிஷம். அப்புறம் வலது பக்கம் ஒரு சாய்ப்பு. இடது கைய மடியில வைங்க, தொங்க விடாதீங்க. அது அவருக்குத் தெரியாது, நாம பார்த்துக்கணும்."

மகள் தன் அப்பாவை முன்னால் சாய்த்தாள். பிடி தவறி அவர் தலை அவள் தோளில் மோதியது.

"ஃபவுல்" என்றார் ரெஃப்ரி.

"சும்மா இருப்பா. சட்டையப் பிடிக்கணுமா, இடுப்பையா?"

"இடுப்புல, பெல்ட்டைப் பிடிங்க. முதுகை வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க. அவ்வளவுதான். இன்னொரு தடவை."

நாலு தடவை செய்தாள். நாலாம் தடவை சரியாக வந்தது. செல்போனில் கால் மணிக்கு ஒன்றாக நாலு அலாரம் வைத்தாள்.

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்ல" என்றாள் அப்பாவிடம்.

"கூடுதல் நேரம்?"

"கிடையாது."

"கல்நெஞ்சுக்காரி. எக்ஸ்பிரஸ், நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஒரு மணி நேரம்தான் சார்" என்றாள் எக்ஸ்பிரஸ்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். மகள் காரின் கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி, பெல்ட்டைப் பிடித்து, அப்பாவை உள்ளே ஏற்றினாள். இடது கையை எடுத்து மடியில் வைத்தாள். ரெஃப்ரி எதற்கோ மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டு, மகள் ஓட்டும் இருக்கைக்குச் சுற்றி வந்தாள். ஒரு தடவை மாடியை நிமிர்ந்து பார்த்தாள். எக்ஸ்பிரஸ் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. கையசைக்கவில்லை. ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாள்.

அசைப்பாள் என்று தான் எதிர்பார்த்திருந்தது எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆசையைப் பார், என்று தன்னையே ஒரு திட்டுத் திட்டிக்கொண்டாள்.

"ஏம்மா, பாதி விரிப்புல என்னைப் போட்டுட்டு எங்க போய் வேடிக்கை பார்க்கறே?" என்று ஏழாம் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துட்டேன் பாட்டி" என்று போனாள்.